வெள்ளிக்கிழமைகளில் நிற்கும் டீவி

மஞ்சள் ஜட்டிக்காரன் கறுப்பு ஜட்டிக்காரனைத் தலைக்கு மேலே தூக்கினான்.

தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். தூக்கப்பட்டவன் அந்தரத்தில் வாயைப் பிளந்தபடி கிடந்தான். திரையின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

"போடு, போட்டுத் துலை," என்றார் அசனார். "இல்லாட்டி இறக்கி வை. கை உளையாதா உனக்கு?"

மாமனார் மருமகனை நேரே ஏசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. கோபம் முழுவதும் டீவிக்குப் போகும். மருமகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இர்ஷாத் கேட்டுக்கொண்டான். விடியற்காலை ஓட்டோவில் ஏறியவன் அப்போதுதான் இறங்கியிருந்தான். சட்டைகூட இன்னும் கழற்றவில்லை. டீவிக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் கறுப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குத்தினான். இணையத்தில் இருந்து படத்தை இழுத்து டீவியில் காட்டும் பெட்டி. மச்சான் றிஸான் சவூதியில் இருந்து வாங்கி அனுப்பியது.

படம் வந்தது. மஞ்சள் ஜட்டிக்காரன் கையை இறக்குவதற்குள் மறுபடியும் வட்டம்.

"இந்தா, திரும்பவும்," என்றார் அசனார், டீவியிடம்.

அப்போதுதான் இர்ஷாத்தின் போன் சிணுங்கியது. றிஸானின் குரல் பதிவு. எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினான்.

"மச்சான், வாப்பாட டீவி நிண்டு நிண்டுதானே ஓடுது. அவர் பாவம். என்னோட ரூம்ல இரிக்கிற அஸ்பாக் லீவுல வந்து காத்தான்குடியில நிக்கான். இந்தப் பெட்டி வேலையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்ச கையோட நம்மட ஊட்டுக்கு வருவான். திருத்தித் தருவான்."

பதிவு முடிந்தது. 

அசனார் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரனைப் பார்த்தார். இடது பக்கம் கால் இருந்தது. வலது பக்கம் முழங்காலோடு சாரன் மடிந்து கிடந்தது.

நோன்புக்கு முந்திய மாதம் வயல் வட்டையில் குத்திய ஒரு முள். ஏற்கெனவே இருந்த சீனி வருத்தம். ஆஸ்பத்திரி. கையெழுத்து. வயலுக்குப் போன மனிதர் ஊருக்கு, ஓட்டமாவடிக்கு, திரும்பி வரும்போது ஒரு காலோடு வந்தார். மயக்கம் தெளிந்ததும் அவர் பேசிய முதல் விசயம் கால் அல்ல.

"றிஸானுக்குச் சொல்லப்படாது," என்றார்.

காரணம் பக்கத்து வளவில் நின்றது. லிண்டல் மட்டத்தில் நிற்கும் ஒரு வீடு. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது இந்தப் பக்கத்து நடைமுறை. மூத்தவள், இர்ஷாத்தின் மனைவி நஸ்ஹாவுக்கு இப்போது இருக்கும் வீடு. இளையவள் ஸாதியா வெளியூரில் படிக்கிறாள். அவளுக்குத்தான் அந்த வீடு. அதற்காகத்தான் றிஸான் சவூதியில் கிடக்கிறான். ஒப்பந்தம் வருகிற நோன்பில் முடிகிறது. அதற்கு முன் ஓடி வந்தால் எல்லாம் போச்சு. ஓடி வரக்கூடிய ஆள்தான் அவன். ஒருமுறை உம்மாவுக்கு டெங்கு என்று கேள்விப்பட்டு, கையில் இருந்த வேலையை எறிந்துவிட்டு விமானம் ஏறியவன்.

தெருவுக்கே சொல்லி வைத்தார்கள். வீடியோவில் பேசும்போது போனை நெஞ்சு மட்டத்துக்கு மேலே பிடித்தார்கள். நோன்பும் போனது, இரண்டு பெருநாளும் போனது. இரகசியம் தப்பியிருந்தது.

நாளைக்கு அஸ்பாக் வந்தால் தப்பாது.

"வந்தா காணுவான். கண்டா சொல்லுவான்," என்றார் அசனார். இப்போது டீவியிடம் அல்ல. "மருமகன், நாளைக்கு முந்தி இதத் திருத்திப் போடுங்க. திருந்திட்டு எண்டு சொன்னா அவன் வரத் தேவல்ல. உங்களுக்கு நான் வேற ஒண்ணும் சொல்லல்ல."

"பாக்கன் மாமா."

இர்ஷாத் கத்தாரில் ஏழெட்டு வருசம் லொறி ஓட்டியவன். போன வருசம்தான் முடித்துக்கொண்டு வந்தான். டீவிப் பெட்டியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது எல்லாம் வயரைப் பிடுங்கிக் குத்துவதுதான். அதைச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? வீட்டில் இரண்டு கால் உள்ள ஒரே ஆம்பிளை அவன்.

குசினிக்குப் போய் நஸ்ஹாவிடம் கேட்டான். "டீவி நிக்கிறத உன்ட தம்பிக்கு ஆரு சொன்ன?"

"நான் சொல்லல்ல. உம்மாவா இரிக்கும்."

மாமியார் நஸீறா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மருமகனோடு நேரே பேசும் பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னாள்: "நான் என்னத்துக்குப் புள்ள சொல்றன்? அவன் கேட்டாலும் எல்லாம் நல்லா இரிக்கி எண்டுதான் சொல்றது. உன்ட வாப்பாவக் கேளு."

வாப்பாவும் சொல்லவில்லை. அப்படியென்றால் யார்? யோசிக்க இர்ஷாத்துக்கு நேரமில்லை.

முதலில் பெட்டியை வெளியே எடுத்தான். அதற்கு நஸீறா லேஸ் துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். தொட்டால் சுட்டது. சட்டையைக் கழற்றினான்.

"புள்ள, உன்ட மாப்பிள்ளக்கிட்டச் சொல்லு, அதக் கழட்டினா தூசி அடையும் எண்டு."

"உம்மா, அதுக்கும் வேர்க்குமெல்லா," என்றாள் நஸ்ஹா. "உங்களுக்கு பர்தாவும் போட்டு அடுப்புக்கிட்டயும் இருந்தா எப்பிடி இரிக்கும்?"

"எனக்குப் பழகிட்டு. அதுக்கும் பழகும்."

பெட்டி ஆறியது. வட்டம் ஆறவில்லை.

வேண்டாத செயலிகளை அழித்தான். சேர்ந்து கிடந்த குப்பையைத் துடைத்தான். அப்டேட் கேட்டது, கொடுத்தான். டீவியின் ஓட்டையில் இருந்து கறண்ட் எடுத்துக்கொண்டிருந்த பெட்டிக்குத் தனிச் சார்ஜர் ஒன்று போட்டான். வைபை வரும் ரவுட்டரின் கொம்புகளை அங்குமிங்கும் திருப்பி வைத்தான். வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தான். நெடுநேரம் பாட்டுப் போட்ட பிறகு ஒரு பெண் வந்து, அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டான். "இப்போது எப்படி சேர்?" என்று கேட்டாள். "அப்பிடித்தான் இரிக்கி," என்றான். "நன்றி சேர்," என்று வைத்துவிட்டாள்.

மஃரிப் தாண்டியதும் டீவி தானாகவே ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

"திருந்திட்டு," என்றார் அசனார்.

இர்ஷாத் அப்போதுதான் தன் சட்டையைக் கழற்றினான். தினமும் இப்படித்தான். பின்னேரம் நிற்கும், பொழுதுபட்டால் ஓடும். அவன் எதையும் திருத்தவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. காலைச் சாப்பாடு முடியும் முன்பே வட்டம் வந்துவிட்டது.

அதுவும் வழக்கம்தான். மற்ற நாட்களில் பின்னேரம் மட்டும் நிற்கும் டீவி வெள்ளிக்கிழமை என்றால் காலையில் இருந்தே நிற்கும். ஜும்ஆ நாள், எல்லோரும் வீட்டில், எல்லோர் கையிலும் போன், லைன் நெரிசல் என்று இர்ஷாத்தே மாமனாருக்கு விளக்கம் சொல்லியிருந்தான். கேட்க நியாயமாக இருந்தது.

இன்று அந்த நியாயத்தைச் சோதிக்க முடிவு செய்தான். நஸ்ஹாவை பக்கத்து வீட்டுக்கு அனுப்பினான்.

"அதே லைன்தான். அவங்கட டீவி வெண்ணெய் மாதிரி ஓடுது," என்று வந்து சொன்னாள்.

நெரிசல் ஊரில் இல்லை. வீட்டுக்குள்.

ஒரு சுளகை எடுத்தான். வீட்டில் இருந்த எல்லாப் போன்களையும் நிற்பாட்டி அதில் போட்டான். தன்னுடையதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதிலும் வைபையை நிற்பாட்டினான்.

"என்ன மருமகன், போன் புடைக்கப் போறீங்களா?" என்றார் அசனார்.

"கல்லுப் பொறுக்கப் போறன் மாமா."

இப்போது வீட்டில் இணையத்தைத் தொடுவது டீவிப் பெட்டி மட்டும். போட்டான். வட்டம்.

ரவுட்டரைப் பார்த்தான். அதன் விளக்குகள் வெறி பிடித்தது போலச் சிமிட்டிக்கொண்டிருந்தன. யாரும் இல்லாத வீட்டுக்குள் யாரோ ஓடித் திரிவது போல.

ரவுட்டரைத் திருப்பினான். பின்னால் மூன்று வயர்கள். ஒன்று கறண்ட். ஒன்று வெளியில் இருந்து வரும் லைன்.

மூன்றாவது?

மெல்லிய வெள்ளை வயர். சுவரோடு சுவராக மேலே ஏறியது. பெருநாளைக்குச் சுவருக்கு நிறம் அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். அதனால்தான் கண்ணில் படவில்லை. அது கூரை ஓரமாகப் போய், ஓர் ஓட்டைக்குள் நுழைந்து, பின் அறைக்குள் இறங்கியது. இர்ஷாத் அதன் பின்னாலேயே போனான். பழைய அலுமாரி. அதன் மேல் சுருட்டிய பாய்கள், கிழிந்த நுளம்பு வலை. அவற்றை இழுத்தான். அடியில் ஓர் இரும்புப் பெட்டி.

தொட்டான். சூடு. முன்பக்கத்தில் ஒரு நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"மாமி, இது என்ன?"

மருமகன் நேரே கேட்டதில் நஸீறா தடுமாறிப் போனாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு மகளைத் தேடினாள். "புள்ள, அது செத்த சாமான் எண்டு சொல்லு. இடி விழுந்த அண்டைக்கே போயிட்டு."

கூடத்தில் இருந்து அசனாரின் குரல் வந்தது. "கமராட பெட்டி, மருமகன். தண்ணி மோட்டர் களவு போன நேரம் றிஸான் பூட்டிட்டுப் போனது. இடியோட அதுட ஸ்கிரீன் எரிஞ்சிட்டு. கமராவக் கழட்டுவம் எண்டா, நான்தான் வேணாமெண்டன். வட்டையில வெருளி நிக்கிற மாதிரி நிக்கட்டும். கள்ளன் கண்டா பயப்படுவானெல்லா."

இர்ஷாத் கூடத்து வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தான். வாசலுக்கு மேலே ஒன்று. முற்றத்தில் ஒன்று. டீவிக்கு மேலே மூலையில், கவிழ்த்த கிண்ணம் போல, இன்னொன்று. அது நேரே அசனாரின் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்கிரீன் எரிந்தால் எல்லாம் செத்தது என்று நினைத்துவிட்டார்கள். கண்கள் சாகவில்லை.

திரும்ப ஓடிப்போய் இரும்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். நீல விளக்கு அணைந்தது.

கூடத்தில் ஆயிரம் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். டீவி ஓடியது. நிற்காமல், திக்காமல் ஓடியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அசனார். "இப்ப அடிங்க றிஸானுக்கு. அஸ்பாக்க வர வேணாமெண்டு சொல்லுங்க."

அடிக்கத் தேவையிருக்கவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

றிஸான்.

"மச்சான், ஊட்டுல கறண்ட் போயிட்டா?"

மின்விசிறி தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. இர்ஷாத் அதை நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லியே. ஏன் கேக்கிறாய்?"



வெள்ளிக்கிழமை. சவூதியில் லீவு நாள். மற்ற நாட்களில் அங்கே மத்தியானம் வேலைக்கு ஓய்வு விடும் நேரம் இங்கே பின்னேரம். இர்ஷாத்துக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. யாரும் சொல்லாமலே டீவி நிற்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்பதும் விளங்கியது.

"பொறு," என்றான். போனைக் காதில் வைத்தபடி பின்கதவால் இறங்கி, பக்கத்து வளவில் ஸாதியாவின் வீட்டுக்குள் போனான். கூரையில்லாத அறையில் ஒரு ஜன்னல் திண்டில் குந்தினான். சீமெந்துத் தூசி சாரனில் ஒட்டியது.

"எப்பயிருந்து பாக்கிறாய்?"

"இடி விழுந்த பொறகும் என்ட போன்ல வந்துட்டுத்தான் இருந்த மச்சான். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சொன்னா உம்மா வெக்கப்பட்டுத் துணியப் போட்டு மூடிருவா."

"அப்ப காலு?"

"வாப்பாவ வேன்ல இருந்து இறக்கினதக் கண்டன். நீங்களும் பக்கத்து ஊட்டுக்காரரும் தூக்கிட்டு வந்தீங்க. முதல்ல சாரன் மடிஞ்சிரிக்கி எண்டுதான் நெனச்சன்." றிஸான் மூச்சு விட்டான். "அண்டைக்குப் பின்னேரமே உம்மா போன்ல சொன்னா, வாப்பா வட்டைக்குப் போயிட்டாராம், அதனால பேச ஏலாதாம் எண்டு."

இர்ஷாத் கண்ணைத் துடைத்தான். வேர்வைதான்.

"தெரிஞ்சும் நீ வாய் தெறக்கல்ல."

"டிக்கட் பாத்தன் மச்சான். மேனேஜரோட பேசினன். மறுகா யோசிச்சன். நான் போய் இறங்கினா அவர்ட மூஞ்சி எப்பிடி இரிக்கும்? என்னால இவன்ட வேல போச்சு, புள்ளைட ஊடு நிண்டு போச்சு எண்டு மனுசன் ஒடஞ்சி போயிருவார். வட்டைக்குப் போக ஏலா. பள்ளிக்குப் போக ஏலா. இப்ப அவருக்கு இரிக்கிற ஒரே வேல என்னய ஏமாத்துறதுதான். அத நல்லாவும் செய்யிறார். அதையும் பறிக்கச் சொல்றீங்களா?"

 இவர்களும் நடிக்கிறார்கள், அவனும் நடிக்கிறான். நடுவில் ஒரு ஓட்டோக்காரன்.

"உம்மா போன மாசம் டீவிக்கு மேல இரிக்கிறதத் தொடச்சா," என்றான் றிஸான். "அவட மூஞ்சி கிட்ட வந்துது. இவ்வளவு கிட்ட. அவவுக்குத் தெரியா. நல்லாத் தொடச்சிட்டு, ஊதியும் உட்டா."

"இஞ்ச பாரு மச்சான். வாப்பாட டீவி ஏன் நிக்கிது எண்டு உனக்குத் தெரியுமா?"

"அந்தப் பெட்டி சரியில்ல. அஸ்பாக்..."

"பெட்டி நல்ல பெட்டி. நீ பாக்கிற நேரம்தான் நிக்கிது. மூணு கமராவையும் முழுப் படமா இழுக்கிறாய். வீட்டு லைன் முழுக்க உன்ட பக்கம் போகுது. அவருக்கு மிச்சம் வாறது வட்டம்தான்."

 

"நான் காண்றன் மச்சான்," என்றான் றிஸான். "அவர் டீவிய ஏசுறத. ரிமோட்ட எறிஞ்சத. ஆருடா இந்த மனுசனக் கரச்சல் படுத்துறது எண்டு நானே எரிஞ்சிட்டு இருந்தன்."

"கமராவ நிப்பாட்டிருவமா?"

"வேணாம்." உடனே வந்தது பதில். "வேணாம் மச்சான். என்னால ஏலா."

கத்தாரில் இருந்த கடைசி வருசம் இர்ஷாத் தன் அறைச் சுவரில் என்ன பார்த்தான்? ஒரு ஏசி, ஒரு காலண்டர். அதற்கு மேல் அவன் வற்புறுத்தவில்லை.

"அப்ப ஒண்ணு செய். மத்த ரெண்டையும் உட்டுட்டு ஒரு கமராவ மட்டும் பாரு. படத்தக் குறைச்சுப் பாரு. செயலியில கீழ ஒரு பட்டன் இரிக்கும், தெளிவு கூட, தெளிவு குறைய எண்டு. குறைச்சு வை."

மறுமுனையில் போன் திரையைத் தட்டும் ஓசை.

"குறைச்சிட்டன். நீங்க பிடுங்கினத இன்னும் குத்தல்ல போல. குத்தினாப் பொறகு எப்பிடித் தெரியும்?"

"ஆள் தெரியும். மூஞ்சி மங்கலாத்தான் தெரியும்."

"சரி," என்றான் றிஸான். "அவர்ட டீவி ஓடட்டும்."

"அப்ப அஸ்பாக்க வர வேணாமெண்டு சொல்லு. டீவி சரிதானே."

"இல்ல, அவன் வரட்டும்."

"டேய், அந்த மனுசன் ராவு முழுக்க நித்திர இல்லாமக் கிடந்தவர், அவன் வந்தாக் காணுவான் எண்டு."

"அவனுக்குத் தெரியும் மச்சான். கண்டும் காணாத மாதிரி இருந்துட்டு வா எண்டு சொல்லித்தான் அனுப்புறன். கமராவுல மணம் வராது. புண் பழுதெண்டா மணக்கும். ஆஸ்பத்திரிக்காரர் சொன்னத நீங்க எனக்குச் சொல்ல மாட்டீங்க. அவன் கிட்ட இருந்து பாத்துட்டுச் சொல்லட்டும். இன்னொண்டு. நீங்க வாப்பாவத் தூக்குற நேரம் இடது கைய அவர்ட கழுத்துக்குக் கீழ குடுக்கிறீங்க. அது அவருக்கு நோகுது. மூஞ்சியச் சுழிக்கிறார். உங்களுக்குத் தெரியாது, அவர்ட மூஞ்சி மத்தப் பக்கம் நிக்கும். எனக்குத் தெரியுது."

பள்ளியில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னார்கள். இர்ஷாத் எழும்பி, தூசியைத் தட்டி, வீட்டுக்குள் போய் இரும்புப் பெட்டியின் வயரைத் திரும்பக் குத்தினான். நீல விளக்கு எரிந்தது. கூடத்தில் டீவி நிற்கவில்லை.

"வராம இருக்கச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் அசனார்.

"அவன் வெளிக்கிட்டுட்டானாம் மாமா. றிஸான் ஏதோ சாமானும் குடுத்து விட்டிருக்கானாம்."

அசனாரின் முகம் சுருங்கியது. பிறகு, வரப்பு உடைந்ததைப் பார்த்த கமக்காரனைப் போல, அதில் ஒரு வேகம் வந்தது.

"அப்ப சரி. நஸ்ஹா, ரெண்டு துவாயக் கொண்டா. உம்மாட்டச் சொல்லி வீல் செயாரக் குசினிக்குள்ள தள்ளு. மருமகன், ரெண்டு செருப்பையும் எடுங்க."

துவாய்த் துண்டுகளைச் சுருட்டிச் சாரனுக்குள் வைத்து, துணியால் முழங்காலோடு கட்டி, நிலத்தில் முட்டும்படி இறக்கினார்கள். கீழே வலது செருப்பு. எல்லாவற்றையும் அவரே இருந்து மேற்பார்வை பார்த்தார். "இன்னம் கொஞ்சம் தடிப்பா. மத்தக் கால் இவ்வளவு மெல்லிசா இரிக்கி?"

"உங்கட மத்தக் காலே கொக்குக் கால்தான் வாப்பா," என்றாள் நஸ்ஹா.

கதிரையில் அவரைத் தூக்கி நிமிர்த்தும்போது இர்ஷாத் கழுத்தை விட்டு முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தான். அசனார் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் அஸ்பாக்கின் மோட்டார் சைக்கிள் கேட் வாசலில் நின்றது. கட்டையான, தாடி வைத்த பையன். சலாம் சொல்லி, கையைக் கொடுத்து, வேறு கதிரைகள் இருக்க அசனாரின் காலடியிலேயே பாயில் அமர்ந்தான். பேரீச்சம்பழப் பெட்டியைக் கொடுத்தான். டீவியைப் பார்த்தான். அது பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுது போல, வாப்பா."

"மருமகன் திருத்திட்டார். உன்னய வீணா அலைய வச்சிட்டம் மகன்." அசனார் நிமிர்ந்து இருந்தார். "நானும் காலையில வட்டைக்குப் போயிட்டு இப்பதான் வந்து குந்தினன். இல்லாட்டி உன்ட றிஸானுக்கு முந்தியே சொல்லிரிப்பன்."

"இந்த வெயிலுக்குள்ளயா போனீங்க?"

"வெயிலப் பாத்தா வேளாம செய்ய ஏலுமா? வாய்க்கால் கட்டு ஒடஞ்சி போச்சு. நான்தான் எறங்கி அடைச்சன்."

நஸீறா தேத்தண்ணீரை நஸ்ஹாவின் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று உதட்டுக்குள் ஏதோ ஓதினாள்.

அஸ்பாக் கோப்பையை வாங்கக் கையை நீட்டினான். அவனுடைய ஹெல்மெட் உருண்டு போய் வலது செருப்பில் இடித்தது. செருப்பு கவிழ்ந்தது. துவாயின் நுனி, ஒரு விரல் அளவு, சாரனுக்குக் கீழே எட்டிப் பார்த்தது.



அசனார் எதையும் காணவில்லை. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். அஸ்பாக் அவர் முகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், "அவ்வளவுக்கா?" என்று கேட்டபடியே, ஒரு கையால் ஹெல்மெட்டை எடுத்தான். மறு கையால் செருப்பை நிமிர்த்தி, துவாய் நுனியை அதற்குள் தள்ளி வைத்தான். பிறகு தேத்தண்ணீரைக் குடித்தான்.

கேட் வாசலில் வைத்து இர்ஷாத்திடம் மெல்லச் சொன்னான். "மணம் ஒண்ணும் இல்ல. நல்லாக் காஞ்சிரிக்கி போல. சொல்லிடுறன்." பைக்கை உதைத்தான். "நாங்க ரூம்ல எல்லாரும்தான் கமராவப் பாக்கிற. தப்பா நெனச்சிராதீங்க. வாப்பா டீவிய ஏசினா எங்களுக்குச் சிரிப்பு. சத்தம் வராது. எண்டாலும் என்ன சொல்லி ஏசுறார் எண்டு விளங்கும்."

பைக் ஓட்டமாவடிப் பாலத்துப் பக்கம் போய் மறைந்தது. இர்ஷாத் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால்கள் வலித்தன. இன்றைக்கு இன்னும் ஓட்டோ எடுக்கவில்லை. இனி எடுக்கவும் மனமில்லை. நஸ்ஹாவிடம் சொல்லலாமா? சொன்னால் அவள் உம்மாவிடம் சொல்வாள். உம்மா அழுவாள். அழுதால் அசனார் ஏன் என்று கேட்பார்.

சொல்ல முடியாது.

உள்ளே அசனார் ஒரு கோட்டையைப் பிடித்தவர் போல இருந்தார்.

"பாத்தீங்களா மருமகன்? காலடியிலதான் இருந்தான். ஒண்ணும் காணல்ல. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குக் கண் போன்லதான்."

"ஓம் மாமா."

"இப்ப றிஸானுக்கு அடிங்க. வீடியோவுல அடிங்க. அவன் போய்ச் சொல்ல முந்தி, வாய்க்கால் கட்டுன கதைய நானே சொல்லிரணும்."

இர்ஷாத் அடித்தான். றிஸான் உடனே எடுத்தான். பின்னால் நாலைந்து தலைகள் விலகுவது தெரிந்தது.

"வாப்பா, எப்பிடி இரிக்கீங்க?"

"எனக்கென்ன மகன்? காலையில வட்டைக்குப் போயிட்டு..."

"இந்த வெயிலுக்குள்ளயா?"

அசனார் தொடங்கினார். கட்டு எங்கே உடைந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் பாய்ந்தது, மண்வெட்டியை யாரிடம் இரவல் வாங்கினார். கேட்கக் கேட்க கதை நீண்டது. மற்ற முனையில் மகன் ஒவ்வொன்றாக விசாரித்தான். எவ்வளவு ஆழம்? தனியாகவா அடைத்தீங்க? சறுக்கவில்லையா? ஒரு கேள்விக்கும் தகப்பனிடம் பதில் இல்லாமல் போகவில்லை.

இர்ஷாத்தின் கை உளைந்தது. போன் தன்னையறியாமல் கொஞ்சம் தாழ்ந்தது.

அசனார் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவன் பக்கம் சாய்ந்தார்.

"உசத்திப் புடிங்க மருமகன்," என்றார் இரகசியமாக. "சாரன் தெரியப் போகுது."

இர்ஷாத் உயர்த்திப் பிடித்தான்.